ஸ்டாப்பிங்கில் நிற்காத பஸ்

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு எடுப்பது என்றால், சாப்பிட்டு முடித்த நாற்பது பேரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அதைச் சம்பளம் இல்லாமல் செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அகப்பட்டேன்.

2024 பிப்ரவரி. சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் நண்பர் போன் செய்தார். "பேங்க்ல முப்பது வருஷம் ஸ்டேட்மென்ட் ஸ்டேட்மென்ட்டா போட்டீங்களே! எங்க பசங்களுக்குச் சராசரி, சதவீதம் எல்லாம் போடத் தெரியுது. போட்டதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா முழிக்கிறாங்க. ஆறு வாரம் வந்து சொல்லிக்குடுங்களேன்."

பாடப் புத்தகத்தில் உதாரணமாக மழை அளவும் கோதுமை விளைச்சலும் இருந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. இரண்டு மாதத்தில் தேர்தல். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதல் தடவை ஓட்டுப் போடப் போகிறவர்கள். பிப்ரவரி 10-ம் தேதிதான் 17-வது மக்களவை கடைசியாகக் கூடிக் கலைந்திருந்தது. கணக்குகள் எல்லாம் சுடச்சுட வெளிவந்திருந்தன. ஒரு சின்னச் சீட்டில் மூன்றே வரி எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் மக்களவை (1952-57): கூடிய நாட்கள் 677, நேரம் சுமார் 3,784 மணி.

16-வது மக்களவை (2014-19): 331 நாட்கள், சுமார் 1,615 மணி.

17-வது மக்களவை (2019-24): 274 நாட்கள், சுமார் 1,354 மணி.

"என்ன தெரியுது?" என்றேன்.

"ஓ.பி. அடிக்கிறாங்க சார்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. தூக்கம் கலைந்துவிட்டது.

ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். முதல் சபை வருஷத்துக்குச் சராசரி 135 நாள். 17-வது சபை 55 நாள். "எங்களுக்கு மட்டும் 75 பர்சென்ட் அட்டெண்டன்ஸ் இல்லைன்னா ஹால் டிக்கெட் கிடையாது. இவங்களுக்கு எப்படி சார் சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள் ஒரு பெண். நியாயமான கோபம்தான். நான் எதுவும் சொல்லாமல் அடுத்த சீட்டை நீட்டினேன்.

16-வது சபை நிறைவேற்றிய மசோதாக்கள் 133. 17-வது சபை நிறைவேற்றியவை 179. பட்ஜெட்டை ஒட்டி வரும் நிதி மசோதா, ஒதுக்கீட்டு மசோதாக்களை விட்டுவிட்டு, பி.ஆர்.எஸ். என்ற தில்லி ஆய்வு அமைப்பு போட்ட கணக்கு இது.

மறுபடி செல்போன்களில் கால்குலேட்டர். பழைய சபை பத்து நாளைக்கு 4 மசோதா. அடுத்த சபை பத்து நாளைக்கு 6.5.

"அட, சூப்பர் சார்! கம்மி நாள்ல நிறைய அவுட்புட்!"

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஓ.பி. அடித்தவர்களுக்கு இப்போது சிறந்த ஊழியர் பட்டம். நான் போர்டின் இடது பக்கம் 'ஓ.பி.' என்றும் வலது பக்கம் 'சூப்பர்' என்றும் எழுதினேன். "ரெண்டையும் சொன்னது நீங்கதான். ரெண்டுமே ஒரே ஆளுங்களைப் பத்தித்தான். எது சரி?"

இந்த முறை சிரிப்பு வரவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் மெதுவாகக் கை தூக்கினாள். "சார், நடுவுல கொரோனா வந்துச்சே?"

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. வந்தது. 2020-ல் மக்களவை கூடியது மொத்தமே 33 நாள். அந்த வருஷம் குளிர்காலக் கூட்டத்தொடரே நடக்கவில்லை. 274 என்ற எண்ணுக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது. ஆனால் கொரோனா இல்லாத 16-வது சபைகூட 331-தானே? முதல் சபையில் பாதியைக்கூட அது தொடவில்லை. அதனால் கொரோனா ஒரு பங்குக் காரணம், முழுக் காரணம் இல்லை. 'கொஞ்சம் இது, கொஞ்சம் அது' என்று சொல்லப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. நம் ஊரில் அதுதான் கஷ்டம். டீக்கடையிலும் சரி, டி.வி. விவாதத்திலும் சரி, முழுசாகச் சொன்னால்தான் காது கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் கேட்டேன். "சபை எத்தனை நாள் கூடணும்னு முடிவு பண்றது யாரு?"

"எம்.பி.ங்கதான்."

இல்லை. அரசியல் சட்டத்தின் 85-வது பிரிவு, இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது. கூட்டுவது ஜனாதிபதி, மத்திய அரசின் யோசனைப்படி. வருஷத்துக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் இல்லை. குறைந்தபட்சம் 120 நாளாவது மக்களவை கூட வேண்டும் என்று, அரசியல் சட்டச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசியக் கமிஷன் 2002-ல் பரிந்துரைத்தது. பரிந்துரை அறிக்கையோடு நின்றது. எத்தனையோ ஆட்சிகள் மாறின; யாரும் அதைச் சட்டமாக்கவில்லை.

ஹால் டிக்கெட் பெண் சட்டென்று சொன்னாள். "அப்போ, பரீட்சை எழுத வேண்டியவரே பரீட்சைத் தேதியையும் முடிவு பண்றார்னு சொல்லுங்க!"

இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. சபையில் கேள்வி கேட்கப்படுகிறவர் அமைச்சர். சபையை எப்போது கூட்டுவது, எத்தனை நாள் நடத்துவது என்பதும் அவர் தரப்பின் கையில். தில்லியில் எந்தக் கட்சி இருந்தாலும் இதுதான் ஏற்பாடு. 'ஓ.பி. அடிக்கிறாங்க' என்று 543 பேரையும் சேர்த்துத் திட்டும்போது, தேதி குறிக்கிறவர் சத்தம் போடாமல் தப்பித்துக்கொள்கிறார்.

அடுத்த வாரம் இரண்டு செய்தித்தாள் நறுக்குகளைக் கொண்டுபோனேன். ஒன்றில் 17-வது மக்களவை 179 மசோதாக்களை நிறைவேற்றியது என்று இருந்தது. இன்னொன்றில் சபாநாயகர் சொன்ன கணக்கு: 222. ஒன்றில் சபை தன் நேரத்தில் 88 சதவீதம் வேலை செய்தது. இன்னொன்றில் 97 சதவீதம். "யார் பொய் சொல்றாங்க?" என்றேன்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பட்ஜெட் தொடர்பான மசோதாக்களைச் சேர்த்தால் ஓர் எண், விட்டால் இன்னோர் எண். எதை 'குறித்த நேரம்' என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து சதவீதமும் மாறும். பேப்பரில் தலைப்பு மட்டும் படிப்பவருக்கு எண் தெரியும். என்ன எண்ணினார்கள் என்பது தெரியாது.

அதே சபாநாயகர் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மக்களவையில் அறிமுகமானவை 202 மசோதாக்கள், நிறைவேறியவை 222. "வந்ததைவிடப் போனது எப்படி சார் அதிகமாகும்? டைப்பிங் மிஸ்டேக்!" என்று தீர்ப்பளித்தார்கள். மிஸ்டேக் இல்லை. சில மசோதாக்கள் முதலில் மாநிலங்களவையில் அறிமுகமாகி, அங்கே நிறைவேறி, பிறகு இங்கே வரும். அவற்றுக்குப் பிறந்த வீடு வேறு. எண் புரியவில்லை என்றால் எடுத்தவுடன் எண்ணைச் சந்தேகிக்க வேண்டாம். நடைமுறை என்ன என்று கேளுங்கள் என்றேன்.

வீட்டுப்பாடமாக எம்.பி.க்களின் வருகைப் பதிவைப் பார்த்துவரச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் ஓடி வந்தான். "சார், மினிஸ்டருங்க ஒருத்தர்கூட ஒரு நாளும் வரலை! பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லை." அதை ஸ்டேட்டஸ் போடவும் தயாராக இருந்தான். நல்லவேளை, போடுவதற்கு முன்னால் கேட்டான். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கேள்வி கேட்பவர்கள் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. அவர்கள் பதில் சொல்கிற தரப்பு. காலியாக இருப்பது வேறு, பூஜ்யம் என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பரவும் செய்திகளை நீங்களும் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்திருப்பீர்கள்.

எனக்குப் பேங்க் ஞாபகம் வந்தது. எங்கள் காலத்தில் மார்ச் 31 என்றால் ஒரு திருவிழா. அன்றைக்கு டெபாசிட் எவ்வளவு என்பதுதான் கிளையின் மதிப்பெண். 30-ம் தேதி இரவு தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் போன் போகும். 31-ம் தேதி பணம் வந்து குவியும். ஏப்ரல் 1-ம் தேதி வந்த வழியே போய்விடும். கணக்கில் தப்பே இருக்காது. ஆனால் அந்தப் பணத்தை வைத்து ஒரு விவசாயிக்கும் கடன் கொடுக்க முடியாது. எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அதை மட்டும் வளர்க்க மனிதன் கற்றுக்கொள்வான். சபையில் அவகாசத்தை விட்டுவிட்டு மசோதாக்களை மட்டும் எண்ணினால் மசோதாக்கள் பெருகும்.

மூன்றாவது வாரம் வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி 15-வது மக்களவைக்கு (2009-14) வக்கீல். மறு பாதி 17-வது மக்களவைக்கு. இருவருக்கும் ஒரே காகிதம். அதில் பி.ஆர்.எஸ். தரும் இரண்டு விவரங்கள். 15-வது சபை குறித்த நேரத்தில் 61 சதவீதம்தான் இயங்கியது. ஆனால் வந்த மசோதாக்களில் 71 சதவீதத்தை நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வுக்கு அனுப்பியது. 17-வது சபை 88 சதவீத நேரம் இயங்கியது. குழுவுக்கு அனுப்பியது 16 சதவீதம் மட்டுமே.

சண்டை பிரமாதமாக நடந்தது. ஒரு பக்கம் 'அமளி' என்று கத்த, மறுபக்கம் 'அவசரம்' என்று கத்தியது. பாதியில் பக்கத்தை மாற்றிவிட்டேன். இதுவரை திட்டிய சபைக்கு இப்போது வக்காலத்து வாங்க வேண்டும். முனகிக்கொண்டே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவனுக்குச் சந்தேகம். "சார், இந்தக் குழுவுக்கு அனுப்பினா என்ன ஆகும்? கிடப்புல போடறதுக்குத்தானே கமிட்டி?"

நம் ஊரில் கமிட்டி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பெயர்! ஆனால் 1993-ல் துறைவாரி நிலைக்குழுக்கள் ஏற்படுத்தப்பட்டது வேறு காரணத்துக்காக. டி.வி. கேமரா இல்லாத அறையில் எல்லாக் கட்சி எம்.பி.க்களும் உட்கார்ந்து, அதிகாரிகளையும் நிபுணர்களையும் பாதிக்கப்படுகிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்டு, மசோதாவை வரிவரியாகப் பார்ப்பார்கள். வாடகைத் தாய் மசோதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லாமல் இருக்க வேண்டும், நெருங்கிய உறவுக்காரப் பெண்தான் வாடகைத் தாயாகலாம் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. மாநிலங்களவையின் தெரிவுக் குழு உட்கார்ந்து பேசி, இவற்றை மாற்றச் சொல்லி 2020-ல் அறிக்கை கொடுத்தது. 2021-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லை. இந்த வேலை நடந்த மணி நேரங்கள் சபையின் நேரக் கணக்கில் வராது. கணக்கில் வராத இடத்தில்தான் உருப்படியான வேலை நடந்திருக்கிறது.

அதே போல எம்.பி.யின் வேலையும் சபையின் வேலையும் ஒன்றல்ல. 1951-ல் நாட்டின் ஜனத்தொகை 36 கோடி. முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 489 பேர். ஒருவருக்குச் சுமார் 7 லட்சம் பேர். இன்றைக்கு 140 கோடியை 543-ஆல் வகுத்தால் ஒருவருக்கு 25 லட்சத்துக்கு மேல். அத்தனை பேருடைய மனு, ரயில்வே கேட், பென்ஷன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே வீட்டு வாசலுக்கு வருகிறது. சபை கூடாத நாளில் எம்.பி. வீட்டில் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் எத்தனை கல்யாணத்துக்குப் போனாலும், சபையில் அமைச்சரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விக்கு அது ஈடாகாது.

நான்காவது வாரம்தான் எனக்கே புது வெளிச்சம் கிடைத்தது.

இரண்டு கூட்டத்தொடர்களை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். 2010 குளிர்காலம்: 2ஜி விவகாரத்தில் கூட்டுக்குழு விசாரணை கேட்டு எதிர்க்கட்சிகள் சபையை முடக்கின. மக்களவை இயங்கியது குறித்த நேரத்தில் சுமார் 6 சதவீதம். அடுத்தது 2021 மழைக்காலம்: பெகாசஸ் ஒட்டுக்கேட்பு, விவசாயச் சட்டங்கள் என்று வேறு எதிர்க்கட்சிகள், அதே அமளி. மக்களவை இயங்கியது சுமார் 21 சதவீதம். ஆனால் அந்த 21 சதவீதத்துக்குள் கிட்டத்தட்ட 20 மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறின. சராசரியாக ஒரு மசோதாவுக்கு அரை மணி நேரம்தான்.

"எது மோசம்?" என்றேன்.

பெரும்பாலோர் 2010 என்றார்கள். அங்கே எதுவுமே நடக்கவில்லை, இங்கே வேலையாவது நடந்ததே என்று.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் அதிகம் பேசமாட்டாள். அப்பா மாநகரப் பஸ் கண்டக்டர். அவள் சொன்னாள். "சார், எங்கப்பா சொல்வாரு. டிரிப் கட் ஆனா ஜனங்களுக்குத் தெரிஞ்சிடும், திட்டுவாங்க, டிப்போவுக்கு கம்ப்ளெய்ன்ட் போகும். ஆனா ஸ்டாப்பிங்ல நிக்காமப் போற பஸ் இருக்கு பாருங்க, அது எல்லா டிரிப்பும் டயத்துக்கு முடிச்சிடும். டிப்போ கணக்குல அதுதான் நல்ல வண்டி. ஜனங்க மட்டும் ஸ்டாப்பிங்லயே நின்னுக்கிட்டிருப்பாங்க."

இதைச் சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் அதற்கப்புறம் அந்த வகுப்பில் புதிதாக எதுவும் சொல்லவில்லை. 2010-ல் டிரிப் கட். ஊரே திட்டியது. பேப்பரில் நஷ்டக் கணக்கு வந்தது. ஆனால் 2011-ல் கூட்டுக்குழுவும் அமைந்தது. முடக்கியது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். 2021-ல் வண்டி ஓடியது, எங்கேயும் நிற்கவில்லை. விவாதம், திருத்தம், 'இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?' என்ற கேள்வி, இவைதான் ஸ்டாப்பிங்குகள். நாம் ஏறுவது அங்கேதான்.

ஓ.பி. என்று முதல் நாள் கத்திய கடைசி பெஞ்ச் பையனைச் சொல்லாவிட்டால் கதை முடியாது. காலையில் கல்லூரி. சாயங்காலம் ஆறு முதல் ராத்திரி பன்னிரண்டு வரை பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வகுப்பு முடிந்ததும் படியில் நின்று என்னைப் பிடித்தான்.

"சார், நான் ஓட்டே போடப்போறதில்லை. நீங்க எவ்வளவு நம்பர் காட்டினாலும் எல்லாரும் ஒண்ணுதான்னு தெரியுது."

"உன் ஆப்ல உனக்கு என்ன ரேட்டிங்?"

"4.6. போன மழையில 4.3-க்குப் போயிடுச்சு. ஓட்டல்காரன் லேட் பண்ணினாலும் என் தலையிலதான் விழும். மழைன்னு போட அதுல எடமே இல்லை சார்."

"அந்த நம்பரை மட்டும் பார்த்துட்டு நீ ஓ.பி. அடிக்கிறேன்னு யாராவது சொன்னா?"

அவன் என்னைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் அவனுக்கென்று ஒரு தனிச் சீட்டு கொடுத்தேன். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020. அவனைப் போல ஆப் மூலம் வேலை செய்கிறவர்களுக்கு முதல் தடவையாகப் பெயர் வைத்து விளக்கம் கொடுத்த மத்தியச் சட்டம். அதன் கதையையும் எழுதியிருந்தேன். 2019-ல் வந்த முதல் வடிவம் நிலைக்குழுவுக்குப் போனது. குழு 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அரசு பழைய மசோதாவை விலக்கிக்கொண்டு 2020 செப்டம்பர் 19-ம் தேதி புதியதை அறிமுகம் செய்தது. 22-ம் தேதி மக்களவையில் நிறைவேறியது. 23-ம் தேதி மாநிலங்களவையில். எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த சபையில், வேறு இரண்டு தொழிலாளர் சட்டங்களோடு சேர்த்து ஒரே நாளில்.

"குழுவுக்குப் போச்சா, போகலையா? இதை எந்தக் கட்டத்துல போடுவே?" என்று கேட்டேன்.

நிறைய நேரம் யோசித்தான். "பழசு போச்சு. புதுசு போகலை. ரெண்டு கட்டத்துலயும் பாதிப் பாதி சார்."

சரியான பதில்.

ஆறாவது வாரம் பரீட்சை. கேள்வி எதுவும் இல்லாத கேள்வித்தாள். ஒரு பக்கம் முழுக்க நாங்கள் சேர்த்த அட்டவணை. கீழே ஒரே வரி: 'இதைப் பார்த்தபின் நீங்கள் கேட்க விரும்பும் கேள்வியை எழுதுங்கள்.' பாதிப் பேர் 'ஏன் இப்படி?' என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். பரவாயில்லை. சில பேர் கேட்டது நன்றாக இருந்தது. '120 நாள் கட்டாயம் என்று எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலாவது இருக்கிறதா?' என்று ஒருத்தி. '2022-ல் மாநில சட்டமன்றங்கள் சராசரியாக 21 நாள்தான் கூடின. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?' என்று ஒருவன்.

கடைசி பெஞ்ச் பையன் எழுதியது: 'என்னைப் பற்றிய சட்டத்துக்கு என் தொகுதி எம்.பி. ஆதரவாகக் கை தூக்கினாரா, எதிர்த்தாரா? அட்டவணையில் இந்தக் கட்டம் ஏன் இல்லை?'

அந்தக் கட்டத்தை நானும் நிரப்ப முடியாது. ஏனென்றால் அப்படி ஒரு பதிவு கிடையாது. நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் சத்தம், எதிர்ப்பவர்கள் சத்தம், எது பெரிது என்று தலைவர் முடிவு சொல்வார். யார் எந்தப் பக்கம் என்று பெயர் எழுதப்படாது. 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று துல்லியமாக நமக்குத் தெரிகிறதே என்றால், அது அரசியல் சட்டத் திருத்தம். அதற்கு எண்ணியே ஆக வேண்டும். மற்றவற்றுக்கு யாராவது எழுந்து கேட்டால்தான் எண்ணுவார்கள். 2020-ல் விவசாய மசோதாக்களின்போது மாநிலங்களவையில் கேட்டார்கள். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று சொல்லி மறுக்கப்பட்டது. போதாததற்கு 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "அப்போ எங்க ஏரியாவுக்கு ஓட்டுக் கேட்டு வருவாரில்ல, அவர்கிட்டயே கேக்கறேன்" என்றான். கேட்டானா, என்ன பதில் வந்தது என்பது எனக்குத் தெரியாது. ஏப்ரல் 19-ம் தேதி சாயங்காலம் மை வைத்த விரலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அது அவன் கணக்கு.

2025 நவம்பர் 21-ம் தேதி, நிறைவேறி ஐந்து வருஷம் கழித்து, அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. மறுநாள் பேப்பரில் பார்த்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

"பார்த்தேன் சார். 114-வது செக்‌ஷன். எங்களுக்கான நிதிக்கு ஆப் கம்பெனிங்க ஒண்ணுலேர்ந்து ரெண்டு பர்சென்ட் வரைக்கும் குடுக்கணுமாம். ஃப்ரெண்ட்ஸெல்லாம் குரூப்ல கைதட்டிக்கிட்டிருக்கானுங்க."

"நீ தட்டலையா?"

"எதோட பர்சென்ட்னு தேடிப் பார்த்துட்டு இருக்கேன் சார். வருஷ டர்ன்ஓவர்லன்னு போட்டிருக்கு. ஆனா எங்களுக்குக் குடுக்கற பணத்துல அஞ்சு பர்சென்ட்டைத் தாண்டக் கூடாதாம். அப்போ எங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்கங்கற கணக்கு யாருகிட்ட சார் இருக்கும்?"